யூதக் கட்டளைகளும் சடங்குகளும்: 'ஏன்?' என்று கேட்பவர்களுக்கு

யூதர்களின் சடங்குகளைப் பற்றித் தமிழில் பேசும்போது பேச்சு பெரும்பாலும் பழைய ஏற்பாட்டோடு நின்றுவிடுகிறது. யூதர்களோ அதே வசனங்களை வைத்துக்கொண்டு இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இங்குள்ள பதில்கள் அந்த வாதங்களிலிருந்து எடுத்தவை. அடிக்கடி வரும் பெயர்கள் மூன்று. தோரா என்பது மோசேயின் ஐந்து ஆகமங்கள். மிஷ்னா, சுமார் கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட சட்டங்கள். தல்மூத், மிஷ்னாவின் மேல் ரபிகள் தலைமுறை தலைமுறையாக நடத்திய விவாதங்களின் பெருந்தொகுப்பு.

613 கட்டளைகள் என்கிறார்களே, யார் எண்ணியது?

தோராவில் அந்த எண் எங்கும் இல்லை. ரபி சிம்லாய் என்பவர் சொன்னதாகத் தல்மூத் அதைக் குறிக்கிறது: 'செய்யாதே' என்பவை 365, ஆண்டின் நாள்களைப் போல, 'செய்' என்பவை 248, உடலின் உறுப்புகளைப் போல. எண்தான் முதலில் வந்தது, பட்டியல் பிறகு. எவையெவை அந்த 613 என்பதில் மத்தியகால அறிஞர்களிடையே பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் மைமோனிதிஸ் ஒரு பட்டியல் போட்டார். அடுத்த நூற்றாண்டில் நஹ்மனிதிஸ் அதைப் பக்கம் பக்கமாக மறுத்தார்.

இன்றைய யூதர் ஒருவர் அத்தனையையும் கடைப்பிடிக்கிறாரா?

முடியாது. பெரும்பகுதி எருசலேம் ஆலயத்தையும் பலிகளையும் சார்ந்தது. கி.பி. 70-ல் ரோமர்கள் ஆலயத்தை இடித்ததோடு அவை நின்றுபோயின. மிச்சமுள்ளவற்றிலும் சில ஆசாரியர்களுக்கு மட்டும், சில இஸ்ரவேல் நிலத்தில் பயிரிடுபவர்களுக்கு மட்டும்.

ஒவ்வொரு கட்டளைக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா?

சிலவற்றுக்கு மட்டும். "அந்நியனை ஒடுக்காதே, நீங்களும் எகிப்தில் அந்நியர்களாக இருந்தீர்களே" என்று தோராவே காரணத்தோடு சொல்லும் இடங்கள் உண்டு. ஆட்டு மயிரையும் ஆளிச்செடி நாரையும் (லினன்) சேர்த்து நெய்த துணியை உடுத்தாதே என்பதற்கு ஒரு சொல் விளக்கம் கிடையாது.

தல்மூத் இரண்டு வகை பிரிக்கிறது. கொலை, களவு போன்றவை முதல் வகை: எழுதப்படாவிட்டாலும் மனிதர்களே எழுதியிருப்பார்கள். பன்றி இறைச்சி, கலப்புத் துணி போன்றவை இரண்டாம் வகை: சாத்தானும் பிற மக்களும் "இதென்ன?" என்று கேட்டு மடக்கும் சட்டங்கள்.

காரணங்கள் ஏன் மறைக்கப்பட்டன என்பதற்கு ரபி யிட்சாக் சொன்ன பதில் எனக்குப் பிடித்தமானது. இரண்டே கட்டளைகளுக்குக் காரணம் வெளியிடப்பட்டது, அதிலேயே உலகப் பெரியவர் ஒருவர் விழுந்தார் என்றார் அவர். அரசன் பல மனைவிகளைக் கொள்ளக் கூடாது, அவன் மனம் வழிவிலகிவிடும். அதிகக் குதிரைகளைச் சேர்க்கக் கூடாது, மக்களை எகிப்துக்குத் திருப்பிவிடுவான். உபாகமம் 17-இல் இருப்பவை இவை. சாலொமோன் என்ன நினைத்தான்? "காரணம் தெரிந்துவிட்டது. அதிகம் மணந்தாலும் மனம் விலகாமல் பார்த்துக்கொள்வேன்." வயதான காலத்தில் அவன் மனைவிகள் அவன் மனத்தைத் திருப்பினார்கள் என்று இராஜாக்களின் புத்தகம் முடித்துவைக்கிறது. காரணம் தெரிந்தவன் விதிவிலக்குத் தேடுவான். கெட்டிக்காரனாக இருந்தால் இன்னும் வேகமாகத் தேடுவான்.

அப்படியானால் காரணம் தேடுவதே தவறா?

தவறில்லை, தேடாமலும் விட்டதில்லை. 10-ஆம் நூற்றாண்டில் பாக்தாதை ஒட்டிய கல்விக்கூடங்களில் இருந்த சாதியா காவோன், பகுத்தறிவு சொல்லும் கட்டளைகள், வெளிப்படுத்தலால் மட்டும் தெரியும் கட்டளைகள் என்று வகுத்து, இரண்டாவது வகைக்கும் ஏதாவது பயன் இருக்கும் என்று காட்ட முயன்றார். ஆனால் இந்தத் தேடலை விளிம்புவரை கொண்டுபோனவர் மைமோனிதிஸ். 1138-ல் ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்து, எகிப்தில் அரச மருத்துவராக இருந்து, 1204-ல் இறந்தவர். காரணமில்லாமல் கட்டளையிடுவது அறிவில்லாதவன் செயல், கடவுளுக்கு அதைப் பொருத்தக் கூடாது என்பது அவர் வாதம்.

பலிகளைப் பற்றி அவர் சொன்னதுதான் பலரை உலுக்கியது. அக்காலத்தில் உலகம் முழுவதும் மிருகங்களைப் பலியிட்டுத்தான் தெய்வத்தை வணங்கியது. அந்தப் பழக்கத்தில் ஊறிய மக்களிடம் "பலியே வேண்டாம்" என்றால் ஏற்றிருக்க மாட்டார்கள். ஆகவே கடவுள் பலியை அனுமதித்து, ஒரே ஆலயம், ஒரே குலம் என்று வரம்பு கட்டி, மெல்ல மெல்ல விலக்கிக் கொண்டுவந்தார் என்று மைமோனிதிஸ் எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில் இப்படி வரலாற்றுக் கண்ணோடு வேதத்தைப் படித்தது துணிச்சலான காரியம்.

நஹ்மனிதிஸுக்குக் கோபம் வந்தது. ஆபேலும் நோவாவும் பலியிட்டபோது உலகில் விக்கிரகமே இல்லையே, அவர்கள் யாருடைய பழக்கத்திலிருந்து விலக வேண்டியிருந்தது என்று கேட்டார். அவர் தந்த விளக்கம் வேறு: பலியிடுபவன் மிருகத்தின் தலையில் கைவைத்துத் தன் பாவத்தைச் சொல்கிறான், ஆசையின் இருப்பிடமான உள்ளுறுப்புகள் எரிவதைப் பார்க்கிறான், சிந்துவது தன் இரத்தமாக இருந்திருக்க வேண்டியது என்று உணர்கிறான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பலியை இவ்வளவு தூரம் 'காலத்துக்கு ஏற்ற சலுகை' என்று விளக்கிய அதே மைமோனிதிஸ், தன் சட்டத் தொகுப்பில் பலிச் சட்டங்களை ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார். ஆலயம் மீண்டும் எழும், பலிகளும் திரும்பும் என்றும் எழுதினார். அவர் கண்டுபிடித்த காரணம் அவருடைய சட்டத்தை ஓர் எழுத்துகூட அசைக்கவில்லை. யூத மரபைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. காரணங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன, ஒன்றையொன்று வெட்டுகின்றன; செயல் அப்படியே தொடர்கிறது.

சிவப்புக் கிடாரி சடங்கை ஏன் எல்லோரும் உதாரணமாகச் சொல்கிறார்கள்?

எண்ணாகமம் 19-இல் வருகிறது. சிவப்புக் கிடாரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கலந்து தெளித்தால், பிணத்தைத் தொட்டவரின் தீட்டு நீங்கும். ஆனால் அந்தச் சாம்பலைத் தயாரிப்பவர் தீட்டாகிவிடுவார். சுத்தமாக்குவதே தீட்டாக்குகிறது.

ஒரு புறஜாதியார், அதாவது யூதரல்லாத ஒருவர், முதலாம் நூற்றாண்டு ரபி யோஹனான் பென் சக்காயிடம் வந்து, "இது மந்திரவாதம் போல இருக்கிறதே" என்றார். "உங்கள் ஊரில் பேய் பிடித்தவனுக்கு என்ன செய்வீர்கள்?" "வேர்களைப் புகைத்துத் தண்ணீர் தெளிப்போம், ஓடிவிடும்." "உங்கள் வாய் சொன்னதை உங்கள் காது கேட்கட்டும்" என்று அனுப்பிவைத்தார் ரபி. அவர் போனதும் சீடர்கள் விடவில்லை: "அவரை ஒரு நாணல் தட்டையால் தள்ளிவிட்டீர்கள். எங்களுக்கு என்ன சொல்லப்போகிறீர்கள்?" ரபியின் பதில்: "பிணம் தீட்டாக்குவதும் இல்லை, தண்ணீர் சுத்தமாக்குவதும் இல்லை. இது கடவுள் இட்ட ஆணை. மீற உங்களுக்கு உரிமை இல்லை."

வெளியாளுக்கு ஒரு காரணம், வீட்டுக்குள் வேறு பதில். இதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதுதான் அழகு.

பன்றி இறைச்சியைத் தவிர்ப்பது உடல்நலத்துக்காகத்தானே?

இந்த விளக்கம்தான் இணையத்தில் அதிகம் உலவுகிறது. இருப்பதிலேயே பலவீனமானதும் இதுதான். மைமோனிதிஸ் மருத்துவர் என்பதால் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார். பன்றியும் அழுக்கு, அதன் தீனியும் அழுக்கு. அதை அனுமதித்தால் சந்தையும் வீடும் கழிப்பிடத்தைவிட மோசமாகும், பிராங்குகளின் நாட்டைப் பாருங்கள் என்று ஐரோப்பாவை ஒரு குத்தும் குத்தினார்.

போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் அரசர்களின் நிதியைக் கவனித்து, 1492-ல் மற்ற யூதர்களோடு ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட அபர்பனேல் இதைக் கிழித்துப்போட்டார். தோரா என்ன, சிறிய மருத்துவக் கையேடா? நம்மைச் சுற்றியுள்ளவர்கள் பன்றியைத் தின்று திடமாகத்தானே இருக்கிறார்கள்? விஷச் செடிகளைத் தோரா ஏன் தடுக்கவில்லை? இந்தக் கேள்விகளுக்கு உடல்நலக் கட்சியிடம் இன்றும் பதில் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. நோய்க்கிருமிதான் காரணம் என்றால், நன்றாக வேகவைக்கத் தெரிந்த நாளோடு தடையும் போயிருக்க வேண்டும்.

ரபி எலாசார் பென் அசரியாவின் கூற்று நேர்மையானது: "பன்றி எனக்குப் பிடிக்காது என்று சொல்லாதே. பிடிக்கும், ஆனால் என்ன செய்ய, பரலோகத்தில் இருக்கும் என் தகப்பன் எனக்கு விலக்கியிருக்கிறாரே என்று சொல்." வெறுப்பினால் விலகுவதில் கீழ்ப்படிதல் எதுவும் இல்லை. இதற்கு மைமோனிதிஸ் ஓர் எல்லை போட்டார்: உணவு, உடை போன்றவற்றில் மட்டும் இப்படிச் சொல்லலாம், "எனக்குக் கொலை செய்ய ஆசைதான், ஆனால் தடை இருக்கிறதே" என்பவன் நல்ல மனிதனே அல்ல.

இறைச்சியையும் பாலையும் ஏன் சேர்ப்பதில்லை?

"ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே" என்று தோரா மூன்று இடங்களில் சொல்கிறது. இதிலிருந்துதான் தனித்தனிப் பாத்திரங்கள், இறைச்சி உண்டபின் பாலுக்குக் காத்திருப்பது எல்லாம் வளர்ந்தன. பல சமூகங்களில் 6 மணி நேரம். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் 3. டச்சு யூதர்கள் 1. விக்கிரக வழிபாட்டில் இப்படிச் சமைத்திருப்பார்கள் என்பது மைமோனிதிஸின் ஊகம். ஈவிரக்கமற்ற செயல் என்பதாலோ என்னவோ என்றார் இப்னு எஸ்ரா என்னும் மத்தியகால உரையாசிரியர்.

கோழிக்குப் பாலே கிடையாதே என்று கேட்கலாம். ரபி யோசே என்னும் கலிலேயர் இதையே கேட்டார். அவருடைய ஊரில் கோழியைப் பாலோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள் என்று தல்மூத் பதிவு செய்கிறது. மற்ற ரபிகள் ஒப்பவில்லை. இன்றைய வழக்கம் அவர்கள் சொன்னதுதான்.

உயிரினங்களிடம் காட்டும் கருணைதான் இந்தச் சட்டங்களின் உட்பொருளா?

இந்தக் கேள்விக்கு ஒரு குருவிக்கூடு போதும். உபாகமம் 22: கூட்டில் முட்டைகளின் மேலோ குஞ்சுகளின் மேலோ தாய்ப்பறவை உட்கார்ந்திருந்தால், தாயை விரட்டிவிட்டுத்தான் குஞ்சுகளை எடுக்க வேண்டும், அப்படிச் செய்தால் உன் நாள்கள் நீடித்திருக்கும்.

மைமோனிதிஸுக்கு இது கருணைதான். குட்டியின் மேல் தாய்க்கு இருக்கும் அன்பு அறிவிலிருந்து வருவதில்லை, ஆகவே மனிதத் தாய்க்கும் விலங்குத் தாய்க்கும் அந்த வேதனையில் வேறுபாடில்லை என்று எழுதினார். நஹ்மனிதிஸ் திருத்தினார்: கருணை பறவைக்காக இல்லை, அதைத்தான் அறுத்துச் சாப்பிட அனுமதி இருக்கிறதே. கொடுமை நம் மனத்தில் பழகிவிடக் கூடாது என்பதற்காக. மித்ராஷ் என்னும் பழைய விளக்க நூல்களிலும் இதே தொனி கேட்கிறது: கழுத்தின் முன்புறம் அறுத்தால் என்ன, பிடரியில் அறுத்தால் என்ன, கடவுளுக்கு ஆகப்போவது என்ன? மனிதர்களைப் புடம்போடவே கட்டளைகள் தரப்பட்டன.

மிஷ்னாவோ இரண்டு பேரையும் சங்கடப்படுத்துகிறது. "உமது இரக்கம் குருவிக்கூடு வரை எட்டுகிறது" என்று ஒருவர் ஜெபித்தால் அவரை வாய்மூடச் சொல்ல வேண்டும் என்கிறது. தல்மூத் தரும் காரணங்களில் ஒன்று: கடவுளின் ஆணையை அவர் இரக்கமாகக் குறுக்கிவிட்டார்.

பிறகு அந்தப் பையனின் கதை. தந்தை மகனிடம், மரத்தில் ஏறிக் குஞ்சுகளை எடுத்துவா என்கிறார். பையன் ஏறுகிறான், தாய்ப்பறவையை விரட்டுகிறான், குஞ்சுகளை எடுக்கிறான், இறங்கும்போது விழுந்து சாகிறான். நீண்ட ஆயுளை வாக்களிக்கும் கட்டளைகளில் இரண்டு: பெற்றோரைக் கனம்பண்ணுவது, தாய்ப்பறவையை விரட்டுவது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தவன் செத்தான். 2-ஆம் நூற்றாண்டின் பெரிய அறிஞர் எலிஷா பென் அபுயா இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்துத்தான் நம்பிக்கையை விட்டார் என்கிறது ஒரு மரபு. தல்மூத் அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் 'வேறொருவர்' என்றே அழைக்கிறது.

அவருடைய மகள்வழிப் பேரன் ரபி யாக்கோபு. கட்டளைக்குரிய பலன் இந்த உலகில் கிடையாது, 'நீடித்த நாள்கள்' என்பது முடிவில்லாத மறு உலகைக் குறிக்கிறது என்று அவர் போதித்தார். பேரனைப் போல இந்த வசனத்தைப் படித்திருந்தால் தாத்தா வழிதவறியிருக்க மாட்டார் என்று தல்மூத் பெருமூச்சு விடுகிறது. எனக்கு அந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் கட்டளைக்குக் கூலி கேட்கும் கணக்கை ஒரு மதநூல் தன் கையாலேயே கிழித்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஓய்வுநாளில் லைட் சுவிட்சைத் தொடக் கூடாது, ஆனால் கனமான மேசையை நகர்த்தலாமாம். இது என்ன நியாயம்?

உடல் உழைப்பைத்தான் தடுத்தார்கள் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம்தான். தோராவில் ஓய்வுநாள் கட்டளையும் ஆசரிப்புக் கூடாரம் என்னும் வழிபாட்டுக் கூடாரத்தைக் கட்டும் கட்டளையும் அடுத்தடுத்து வருகின்றன. அந்தக் கூடாரத்தை எழுப்பத் தேவைப்பட்ட வேலைகளே ஓய்வுநாளில் தடை என்று ரபிகள் கொண்டார்கள். மிஷ்னா 39 எண்ணுகிறது: உழுதல், விதைத்தல், அறுத்தல், நெய்தல், முடிச்சிடுதல், தீ மூட்டுதல், அணைத்தல் என்று நீளும். இரண்டு எழுத்து எழுதினால் குற்றம்; ஏனென்றால் கூடாரப் பலகைகளில் எது எதனோடு சேரும் என்று அடையாள எழுத்துகள் போட்டிருந்தார்களாம்.

ஆக, தடுக்கப்பட்டது களைப்பு தரும் வேலை இல்லை. உலகை மாற்றி எதையாவது உண்டாக்கும் வேலை. 19-ஆம் நூற்றாண்டில் பிராங்க்பர்ட்டில் இருந்த சாம்சன் ரபாயேல் ஹிர்ஷ் இதை அழுத்திச் சொன்னார்: ஆறு நாள் இயற்கையை ஆளும் மனிதன், ஏழாம் நாள் கையை எடுத்து, உலகுக்கு உடையவர் வேறு என்று ஒப்புக்கொள்கிறான். இழை பழுக்கச் சூடேறி எரியும் பல்பை ஏற்றுவது தீ மூட்டுவதுதான் என்று சட்ட அறிஞர்கள் பலர் தீர்மானித்தார்கள். மின்சுற்றை இணைப்பதே ஒருவகைக் கட்டுமானம் என்றார்கள் வேறு சிலர். காரணம் எதுவானாலும் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பவர்கள் யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை. முந்தின நாளே டைமர் வைத்துவிடுகிறார்கள்.

பத்துக் கட்டளைகள் தோராவில் இரண்டு முறை வருகின்றன. ஓய்வுநாளுக்கு இரண்டிலும் வேறு வேறு காரணம். யாத்திராகமத்தில், கடவுள் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார். உபாகமத்தில், நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல இளைப்பாறட்டும். மாடும் கழுதையும் அந்நியனும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கை வீணாக்குகிறார்கள் என்று ரோமத் தத்துவஞானி செனெகா கேலி செய்தார். அடிமைகளால் ஓடிய நகரத்திலிருந்து வந்த கேலி அது. அடிமைக்கும் விடுமுறை என்ற எண்ணம் அங்கே எரிச்சலூட்டியதில் வியப்பில்லை.

உயிருக்கு ஆபத்து வந்தால்?

எல்லாம் தள்ளிப்போகும். ஓய்வுநாளில் நோயாளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்பதுகூடக் குறைத்துச் சொல்வது. போயே ஆக வேண்டும். "அவற்றால் பிழைப்பான்" என்கிறது லேவியராகமம். சாவதற்கு இல்லை என்று தல்மூத் சேர்க்கிறது. விதிவிலக்கு மூன்றுதான்: விக்கிரக வழிபாடு, தகாத உறவு, கொலை. இவற்றைச் செய்வதைவிடச் சாக வேண்டும்.

கையிலும் நெற்றியிலும் கட்டும் கறுப்புப் பெட்டி, வாசல் நிலையில் ஒட்டிய குழாய், இவை காப்புத் தாயத்துகளா?

பெட்டிகள் தெஃபிலின், நிலைக்காலில் இருப்பது மெசூசா. இரண்டுக்குள்ளும் தோல் சுருளில் கையால் எழுதிய தோரா வசனங்கள். "இவை உன் கையில் அடையாளமாகவும் உன் கண்களுக்கு நடுவே நினைவுக்குறியாகவும் இருக்கட்டும்" என்ற வரியை ரபிகள் அப்படியே செயலாக்கினார்கள். மத்தியகாலப் பிரான்சின் பெரிய உரையாசிரியர் ராஷியின் பேரன் ரஷ்பம், வசனத்தின் நேர்ப்பொருள் 'கையில் எழுதியது போல எப்போதும் நினைவில் வை' என்பதுதான் என்று வெளிப்படையாக எழுதினார். அதனால் கட்டத் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. விரலில் வாரைச் சுற்றும்போது "உன்னை எனக்கு என்றென்றைக்கும் நிச்சயித்துக்கொள்வேன்" என்ற ஓசியாவின் வரிகளைச் சொல்கிறார்கள். தினமும் காலையில் ஒரு நிச்சயதார்த்தம்.

தாயத்து என்ற எண்ணம் யூதர்களிடையே இருந்ததுதான். மெசூசாவுக்குள் தேவதூதர் பெயர்களை எழுதுபவர்களுக்கு மறு உலகில் பங்கில்லை என்று மைமோனிதிஸ் சீறினார். கடவுளின் ஒருமையைச் சொல்லும் கட்டளையைத் தங்கள் சொந்த லாபத்துக்கான மந்திரமாக்கிவிட்டார்களாம்.

மெசூசா பல வீடுகளில் சாய்ந்திருப்பதற்குக் காரணம் வேடிக்கையானது. நேராக நிற்க வேண்டும் என்றார் ராஷி. கிடையாக இருக்க வேண்டும் என்றார் அவருடைய இன்னொரு பேரன் ரபேனு தாம். ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்கள் இருவருக்கும் பொதுவாகச் சாய்த்துவிட்டார்கள்.

பஸ்கா இரவில் ஏன் குழந்தையைக் கேள்வி கேட்க வைக்கிறார்கள்?

எகிப்திலிருந்து விடுதலையான கதையைப் பதிலாகச் சொல்ல வேண்டும். பதில் வர வேண்டுமென்றால் கேள்வி வேண்டும். குழந்தை இல்லாத வீட்டில் மனைவி கேட்பாள். இரண்டு அறிஞர்கள் மட்டும் இருந்தால் ஒருவரையொருவர் கேட்பார்கள். தனியாக இருப்பவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். எகிப்திலிருந்து தானே வெளியே வந்தவர் போல ஒவ்வொருவரும் தன்னைக் கருத வேண்டும் என்கிறது மிஷ்னா. கசப்புக் கீரை, செங்கல் சாந்தை நினைவூட்டும் பழக்கலவை, புளிப்பில்லா அப்பம் என்று நாக்கின் வழியாகவும் நினைவை இறக்குகிறார்கள்.

மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் அப்பம் வெந்துவிட வேண்டும். தாண்டினால் அது புளித்ததாகக் கணக்கு. புளிப்பு எதைக் குறிக்கிறது? 'மாவிலுள்ள புளிப்பு' என்று மனிதனின் தீய உந்துதலைச் சுட்டும் ஜெபம் ஒன்று தல்மூத்தில் உண்டு. பிற்காலத்தவர்கள் அதைப் பெருமை, அகந்தை என்று விரித்தார்கள். சட்டம் என்னவோ கறாராக இருக்கிறது: பண்டிகைக்கு முன் புளித்த பொருள்களை அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட வேண்டும். இஸ்ரேல் அரசே ஆண்டுதோறும் தன் கையிருப்பை அப்படி விற்கிறது.

எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சை ரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். இன்று யாரிடம் கேட்டாலும், எதிரியும் துன்பப்பட்டான், ஆகவே நம் மகிழ்ச்சிக் கிண்ணம் குறைய வேண்டும் என்பார்கள். மத்தியகால ஜெர்மானிய விளக்கமோ, இந்த வாதைகள் நம்மைத் தொடாமல் நம் பகைவர்கள் மேல் போகட்டும் என்பது. துளி அதேதான், பொருள் தலைகீழ். புதிய விளக்கம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. செங்கடலில் எகிப்தியர் மூழ்கியபோது பாட வந்த தூதர்களைக் கடவுள், "என் கை படைத்தவர்கள் மூழ்குகிறார்கள், நீங்கள் பாட்டா பாடுகிறீர்கள்?" என்று தடுத்ததாகத் தல்மூத்தே சொல்கிறது.

பாவநிவாரண நாளில் பட்டினி கிடந்தால் எல்லாப் பாவமும் போய்விடுமா?

கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையிலானது போகும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானது, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாதவரை போகாது. மிஷ்னாவின் தீர்ப்பு இது. உபவாசத்தின் நடுவிலேயே, பசித்தவனுக்கு அப்பம் கொடுக்காத உபவாசம் எதற்கு என்று கேட்கும் ஏசாயா 58-ஐ வாசிக்கிறார்கள்.

மரண வீட்டுச் சடங்குகள்?

ஏழு நாள் துக்கம், தாழ்வான இருக்கை, கிழித்த உடை. அடக்கத்துக்குப் பின் முதல் உணவைத் துக்கவீட்டார் தாங்களே சமைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும். முட்டையோ பருப்போ இருக்கும். பருப்புக்கு வாய் போன்ற பிளவு இல்லை, துக்கத்தில் இருப்பவருக்கும் வாய் இல்லை என்கிறது தல்மூத். அவர் முதலில் பேசாதவரை வந்தவர் பேசக் கூடாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் போல. ஆறுதல் சொல்கிறேன் என்று உளறுபவர்களை அடக்க இதைவிடச் சிறந்த சட்டம் கிடையாது.

தந்தைக்காக மகன் சொல்லும் கத்தீஷ் ஜெபத்தில் மரணம் என்ற சொல்லே வராது. முழுவதும் கடவுளின் பெயரைப் போற்றுவதுதான். பெற்றோருக்கான துக்கம் மட்டும் 12 மாதம், ஆனால் கத்தீஷ் 11 மாதம். தீயவர்களுக்கு நரகத் தீர்ப்பு 12 மாதம் என்பதால், முழுவதும் சொன்னால் அப்பாவைத் தீயவர் என்று சொன்னதாகிவிடுமாம்.

யூத மறைஞான மரபான கப்பாலா என்ன சொல்கிறது?

மற்றவர்கள் கட்டளை மனிதனைத் திருத்துகிறது என்றார்கள். கப்பாலாவினர் அது கடவுளின் உலகங்களையே செப்பனிடுகிறது என்றார்கள். 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் இருந்த ஐசக் லூரியாவின் போதனைப்படி, படைப்பின்போது பாத்திரங்கள் உடைந்து தெய்வீகப் பொறிகள் எங்கும் சிதறின. ஒவ்வொரு கட்டளையும் ஒரு பொறியை மேலேற்றுகிறது. ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் பாடல் அதே ஊரில், அதே நூற்றாண்டில் பிறந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் முன் மறைபொருள் வாக்கியம் ஒன்றைச் சொல்லும் வழக்கமும் இந்த வழியில் பரவியது. 18-ஆம் நூற்றாண்டில் பிராகா நகரத்து ரபி எசேக்கியேல் லண்டாவ் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

மனம் ஒன்றாமல் செய்தால் பயன் உண்டா?

நோக்கம் தேவையா என்பது தல்மூத்தில் முடிவில்லாத வழக்கு. நடைமுறையில் மரபு பொறுமை காட்டுகிறது: தவறான நோக்கத்தோடாவது செய், அதிலிருந்து சரியான நோக்கம் வரும். 13-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பெயர் சொல்லாத ஒருவர், தன் மகனுக்காக எழுதிய கட்டளை விளக்கத்தில், மனம் செயலின் பின்னால் இழுபடும் என்றார். பஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்காதே என்ற கட்டளைக்கு அவர் தரும் காரணம் அழகானது: எலும்பைக் கடித்து உறிஞ்சுவது பசித்த ஏழைகள் செய்வது, இன்று இரவு நீ விடுதலையானவன், அரசனைப் போலச் சாப்பிடு.

பெண்களுக்கு ஏன் சில கட்டளைகள் இல்லை?

குறித்த நேரத்தில் செய்ய வேண்டிய 'செய்' கட்டளைகளிலிருந்து மிஷ்னா பெண்களுக்கு விலக்குத் தருகிறது. வீட்டுக் கடமை குறுக்கிடும் என்றார்கள் சிலர். பெண்ணின் ஆன்மிக இயல்புக்கு அவை தேவையில்லை என்றார் ஹிர்ஷ். இரண்டாவது விளக்கம், இருக்கும் ஏற்பாட்டுக்குப் பூச்சூட்டுவதாகவே எனக்குப் படுகிறது. 1935-ல் ஜெர்மனியில் ரெகினா யோனாஸ் முதல் பெண் ரபியாக அங்கீகரிக்கப்பட்டார். 1944-ல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். இன்று சீர்திருத்தப் பிரிவுகளில் பெண் ரபிகள் சாதாரணம். வைதீகப் பிரிவில் சண்டை ஓயவில்லை.

காரணம் ஒத்துவராவிட்டால் கைவிடலாம் என்று சொன்னவர்களே இல்லையா?

இருந்தார்கள். 1885-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்த ரபிகள், ஒழுக்கச் சட்டங்கள் மட்டுமே கட்டுப்படுத்தும், உணவு உடைச் சட்டங்கள் வேறொரு காலத்தவை என்று அறிவித்தார்கள். அதே பிரிவு 1999-ல் அதே ஊரில் வெளியிட்ட அறிக்கையில் பழைய கட்டளைகளுக்குக் கதவைத் திரும்பத் திறந்தது.

எதிர்முனையில் நின்றவர் எருசலேம் உயிர்வேதியியல் பேராசிரியர் யெஷயாஹு லெய்போவிட்ஸ். உடல்நலம், மனநிம்மதி, குடும்ப ஒற்றுமை, தேசப்பற்று என்று எந்தக் காரணத்துக்காகக் கட்டளையைச் செய்தாலும் நீ உன்னைத்தான் வணங்குகிறாய், கடவுளை இல்லை என்பது அவர் நிலை. 'உட்பொருள்' தேடும் நம்மைப் போன்றவர்களை அவர் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

யூதரல்லாதவர்களும் இவற்றைச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். நோவாவின் பிள்ளைகளுக்கு, அதாவது மனித குலம் முழுவதற்கும், ஏழு கட்டளைகள் போதும்: நீதிமன்றம் அமைப்பது ஒன்று; மற்ற ஆறு, கொலை, களவு, விக்கிரக வழிபாடு, தெய்வநிந்தை, தகாத உறவு, உயிருள்ள விலங்கின் உறுப்பை அறுத்துத் தின்பது ஆகியவற்றை விலக்குவது.

ஆனால் பெற்றோரை எப்படிக் கனம்பண்ணுவது என்று கேட்டபோது ரபிகள் காட்டிய முன்மாதிரி ஒரு புறஜாதியார்: அஸ்கலோனைச் சேர்ந்த தாமா பென் நெத்தினா. பெருந்தொகைக்குச் சரக்கு வாங்க ஆள் வந்தபோது, பெட்டியின் சாவி தூங்கும் தந்தையின் தலைமாட்டில் இருந்தது. அவர் எழுப்பவில்லை, வியாபாரம் போயிற்று; பின்னால் கடவுள் அவருக்கு அதற்குப் பலன் தந்தார் என்கிறது கதை. இந்தக் கதையிலிருந்து ரபி ஹனீனா எடுத்த முடிவு எதிர்பாராதது: கட்டளையிடப்படாத இவருக்கே இவ்வளவு பலன் என்றால், கட்டளையிடப்பட்டுச் செய்பவர் எவ்வளவு பெரியவர். தானாகச் செய்பவர்தானே பெரியவர் என்று நமக்குத் தோன்றும். கட்டாயம் என்றதும் மனம் முரண்டு பிடிக்கும், அந்த முரண்டை வென்று செய்வதே கடினம் என்று பின்வந்தவர்கள் விளக்கினார்கள்.

நம் பக்கத்தில் இந்தச் சடங்குகளைச் செய்தவர்கள் யாராவது உண்டா?

கொச்சி யூதர்கள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000-ல் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. தோரா வாசிப்பு ஆண்டுச் சுற்றை முடிக்கும் நாளில் எங்கும் சுருள்களை ஏந்தி ஜெபஆலயத்துக்குள் வலம் வருவார்கள். கொச்சியில் வெளியே கொண்டுவந்து கட்டடத்தையே சுற்றினார்கள். உள்ளே செருப்பில்லாமல் நுழைவார்கள். அதற்கு முட்செடியருகே மோசேக்குச் சொன்ன வசனத்தையும் காட்டலாம், பக்கத்துக் கோயில் வழக்கத்தையும் காட்டலாம். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். கொச்சியின் கடவும்பாகம் ஜெபஆலயத்தின் மரவேலைப்பாடுகள் இன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.